பத்து ரூபாய்க் கட்டணமும் சென்னையோடு நின்றுபோகிற செய்தியும்

சென்னையிலுள்ள அறிவுசார் சொத்துரிமை வக்கீல்கள் சங்கம் ஒன்றின் வாட்ஸப் குழுவில் நாலு வருடமாக இருக்கிறேன். பாகப்பிரிவினையும் வழித்தகராறும் நடத்திச் சாப்பிடுகிற, கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை வக்கீல் நான். ட்ரேட்மார்க் வேலை வருடத்துக்கு ஐந்தாறு வந்தால் அதிசயம். கூடப் படித்த ஒருவர் குழுவில் சேர்த்துவிட்டார், நானும் சத்தம் போடாமல் இருந்துகொண்டேன்.

போன வாரம் ஒரு மாலை அந்தக் குழுவில் சூடான விவாதம். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு, யாமினி மனோகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது, அவசரத் தடையுத்தரவு கேட்கும் வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டுமா, வெறுமனே 'அவசரம்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியுமா என்று ஆளாளுக்குப் பிளந்துகொண்டிருந்தார்கள். நல்ல விவாதம்தான். நானும் ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஆபீஸ் வாசலில் ஒருத்தர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர். கையில் ஒரு பாட்டில், ஒரு பழைய பில் புக்.

"சாரே, எனக்க தேனுக்குப் பேரு பதிஞ்சு ஏழு வருசமாச்சு. இப்ப வேற ஒருத்தன் அதே பேருல விக்கியான். ஒரு நோட்டீசு விடணும்."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருந்தது, ட்ரேட்மார்க் பதிவாகிவிட்டது என்பதற்கான அடையாளம். விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தால், 'கைவிடப்பட்டது'. நடந்தது இவ்வளவுதான்: ஒரு ஏஜென்ட் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மெயில் முகவரி என்ற இடத்தில் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். ஆய்வறிக்கை அந்த மெயிலுக்கு வந்தது. பதில் சொல்ல ஒரு மாதம்தான் கெடு. யாரும் பதில் சொல்லவில்லை. போட்ட மறுநாளே "ஆர் அடிச்சுக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். பதிவாகும்வரை டிஎம் என்றுதான் போடலாம். ஆர் போடுவது சட்டப்படித் தவறு. இதை இவரிடம் சொல்ல ஏழு வருடமாக ஒரு ஆள் இல்லை.

அந்த பில் புக் மட்டும் அவரைக் காப்பாற்றியது. பக்கங்கள் தேன் பட்டு ஒட்டியிருந்தன, விரல் நனைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் தேதியும் பெயரும் தெளிவாக இருந்தன. பதிவில்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவன், தன் பொருளைப் போலக் காட்டி விற்கிறவன் மேல் 'பாசிங் ஆஃப்' வழக்குப் போடலாம், நம் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். சரி, அது வேறு கதை.

பேச்சோடு பேச்சாக, "புவிசார் குறியீட்டில பேரு சேர்த்தாச்சா?" என்று கேட்டேன். ஒரு ஊருக்கே உரிய பொருளுக்கு அந்த ஊர்ப்பெயரில் கிடைக்கிற சட்டப் பாதுகாப்பு அது. "அது 2023-லயே கெடைச்சாச்சே சாரே, பேப்பர்ல போட்டுருந்தானுவளே" என்றார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசம் நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? குறியீடு பதிவாவது ஒரு சங்கத்தின் பேரிலோ அரசு அமைப்பின் பேரிலோ. அந்தப் பொருளை உண்டாக்குகிறவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தன் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால்தான் குறியீட்டைப் போட்டு விற்கிற உரிமையும், போலிக்காரன் மேல் வழக்குப் போடுகிற உரிமையும் அவர் கைக்கு வரும். முன்பு இதற்குக் கட்டணம் 500 ரூபாய், குறியீட்டின் உரிமையாளரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் விதியைத் திருத்தி 10 ரூபாய் ஆக்கினார்கள். இப்போது ஜிஐ-3 படிவம், 'இதை நான்தான் உண்டாக்குகிறேன்' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம், உரிமையாளருக்கு ஒரு நகல், அவ்வளவுதான். புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. ரோட்டில்.

பத்து ரூபாய்! ஒரு சாயாவுக்குக்கூடக் காணாது.

நம் மாவட்டத்துக்கு வந்த குறியீடுகளை எண்ணிப் பாருங்கள். வடசேரியில் செய்கிற கோயில் நகை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, 2021-ல் கன்னியாகுமரி கிராம்பு, 2023-ல் மட்டிப்பழம், மயிலாடி கல்சிற்பம், 2025-ல் தோவாளை மாணிக்க மாலை. இவ்வளவு சின்ன மாவட்டத்துக்கு இது பெரிய அறுவடை. இதில் தமிழ்நாட்டுப் பொருள்கள் பலவற்றுக்கு விண்ணப்பம் தயாரித்துப் போராடிய வழக்கறிஞர் சஞ்சய் காந்தி போன்றவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து மாலை கட்டுகிற அக்காவிடம் போய், "உங்க பேரு பதிஞ்சாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் பேரு?" என்பார்.

வக்கீல்கள் சங்கம் எதற்கு என்று கேட்கிற ஆளும் அல்ல நான். 2016 மார்ச் மாதம் ட்ரேட்மார்க் அலுவலகம் சில நாள்களுக்குள் லட்சக்கணக்கான விண்ணப்பங்களைக் கைவிடப்பட்டவை என்று தூக்கிப் போட்டது நினைவிருக்கும். ஒழுங்காகப் பதில் கொடுத்தவர்களின் கோப்பும் அதில் மாட்டிக்கொண்டது. அறிவுசார் சொத்துரிமை அட்டார்னிகள் சங்கம்தான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏப்ரலில் அதை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கியது. ஒவ்வொரு கட்சிக்காரரும் தனித்தனியாகப் போயிருந்தால் பாதிப் பேர் போயே இருக்க மாட்டார்கள். 2021-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்தபோது வழக்குகள் எங்கே போகும், எந்தப் படிவத்தில் போகும் என்ற குழப்பத்திலும் இப்படிப்பட்ட குழுக்கள்தான் எங்களுக்குக் கைவிளக்கு. அதற்கு நன்றி உண்டு.

என் வருத்தம் வேறு. நாலு வருடத்தில் அந்தக் குழுவில் வந்த செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். மருந்துக் கம்பெனி காப்புரிமை, சினிமாப் பாட்டு உரிமை, பெரிய ஓட்டல்களின் பெயர்ச்சண்டை. கருத்தரங்கு நடந்தால் நட்சத்திர ஓட்டலில், இங்கிலீஷில். பத்து ரூபாய்ப் படிவத்தைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் யாரோ பார்வர்ட் செய்தது. கீழே ஒருவர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். அந்தக் கட்டைவிரல் நான்தான்! அப்புறம் அதை ஒரு தேன்காரரிடமாவது சொன்னேனா? இல்லை. பத்து ரூபாய் வேலைக்கு என்ன பீஸ் கேட்பது என்ற கணக்கு என் மனசிலும் ஓடியிருக்கும். பொய் சொல்வானேன்.

"பதிஞ்சா வெலை கூடுமா?" என்று கேட்பார்கள். நாளைக்கே கூடாது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றி நம் ஊர்ப்பெயர் ஒட்டுகிறவன் ஒரு பதிவைக் கண்டு பயந்து ஓடிவிடவும் மாட்டான். ஆனால் அவன் மேல் வழக்குப் போட நமக்கு ஒரு நிற்குமிடம் வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடுகிற மாசங்களில், பூவுக்குக் காத்திராமல் இலைக்காம்பில் ஊறுகிற மதுவையே தேனீ உறிஞ்சிக் கொண்டுவருகிறதே, அந்த ரப்பர் தேனை வெளியூர்க்காரன் "இது பூத்தேனே இல்லை" என்று மட்டம் தட்டினால், பதில் சொல்லவும் நம் ஆள்களின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டாமா?

அன்றைக்கு ராத்திரியே குழுவில் எழுதினேன். அடுத்த கருத்தரங்கை நாகர்கோவிலில் வையுங்கள், ஓட்டல் வேண்டாம், ஒரு கல்யாண மண்டபம் போதும், தமிழில் பேசுங்கள், அங்கேயே உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள் என்று. ரெண்டு பேர் "நல்ல யோசனை" என்றார்கள். ஒருவர், "டிராவல் அலவன்ஸ்?" என்று கேட்டார். அப்புறம் பேச்சு மறுபடி 12ஏ-வுக்குப் போய்விட்டது.

அவர்கள் வரட்டும், வராமல் இருக்கட்டும். தேன்காரருடைய ஜிஐ-3 படிவத்தை நேற்று நிரப்பினோம். அவர் மச்சினரும் இன்னும் ரெண்டு தேன்பெட்டிக்காரர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேனோ மட்டியோ கிராம்போ வைத்திருக்கிற வேறு யாரும் சேர்ந்துகொள்ளலாம். ஆதாரும் பழைய பில் புக்கும் எடுத்து வாருங்கள். பீஸ் வேண்டாம். மெயில் முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். உங்களுக்கு இல்லையென்றால் பிள்ளைகளுடையது.