அது ஒண்ணும் பண்ணாதுங்க

நாய் வளர்க்கிற நாம எல்லாரும் சொல்ற வார்த்தை இது. கூடாரம் போட்டுத் தங்குற இடத்துல இனிமே நான் இதைச் சொல்லப் போறதில்லை.

போன மாசம் மதுரையில இருந்து ரெண்டு குடும்பமா சிறுமலைக்குப் போயிருந்தோம். கூடவே எங்க சிப்பிப்பாறை நாய், கருப்பன். தங்குற இடத்துல "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு"ன்னு போட்டிருந்தாங்க. எங்க கட்டணும், எதுவரைக்கும் கூட்டிட்டுப் போகலாம், ஒண்ணும் சொல்லலை. நானும் கேட்கலை. அது என் தப்பு.

விடிஞ்சதும் செயினைக் கழட்டிவிட்டேன். சிறுமலையில வண்டி போகாத தோட்டங்கள்ல இருந்து விளைச்சலை இன்னைக்கும் குதிரை மேல ஏத்தித்தான் கொண்டு வர்றாங்க. எலுமிச்சை மூட்டையோட ஒரு குதிரை சரிவுல இறங்கிட்டு இருந்துச்சு. கருப்பன் பாய்ஞ்சுட்டான். பேரைச் சொல்லிக் கத்துறேன், அவன் திரும்பக்கூட இல்லை. குதிரை மிரண்டு கால் வழுக்கி, மூட்டை பிரிஞ்சு, பழமெல்லாம் பள்ளத்துல உருண்டிருச்சு. பிடிச்சிட்டு வந்த பெரியவருக்கு முழங்கையில சிராய்ப்பு. ஓடிப்போய் நான் முதல்ல சொன்னது, "ஐயா, அது ஒண்ணும் பண்ணாதுங்க." மன்னிப்புக்கு முன்னாடி அதுதான் வாயில வந்துச்சு. அவர் கோவப்படலை. "உங்களுக்குத் தெரியும் தம்பி, குதிரைக்குத் தெரியாதுல்ல"ன்னார். போன பழத்துக்குக் காசு குடுத்தேன். மனசு இன்னும் ஆறலை.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால பார்த்துத் துரத்துறதுக்குன்னே நம்ம முன்னோர் வளர்த்த இனம். ஓடுறது எதுவா இருந்தாலும் பின்னாடி போகும். வீட்டுல எவ்வளவு சொன்ன பேச்சு கேட்டாலும் மலையில செயின் கையில இருக்கணும். கூடாரக் கம்பியில கட்டாதீங்க, ஒரே இழுப்புல கூடாரமே சாஞ்சிரும்.

அதே மலையில காட்டுமாடு இருக்கு. நாய் அதைச் சீண்டிட்டு நேரா நம்மகிட்டதான் ஓடி வரும், மாடும் பின்னாலேயே வரும். திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காடுகள்ல இருக்குற தேவாங்குக்காகவே 2022ல 11,806 ஹெக்டேர்ல கடவூர்ல சரணாலயம் அறிவிச்சாங்க. தேவாங்கு தரையில இறங்கினா வேகமா ஓடாது, நாய் வாயில ஒரு நொடி. நாய்கிட்ட இருந்து காட்டு விலங்குக்கு நோயும் பரவலாம். 2018ல குஜராத் கிர் காட்டுல சிங்கங்கள் செத்தப்ப கண்டுபிடிச்ச கிருமிகள்ல ஒண்ணு, நாய்களுக்கு வர்ற அதே டிஸ்டெம்பர் வைரஸ். தடுப்பூசி போடாத நாயை மலைக்குக் கூட்டிட்டுப் போகவே கூடாதுங்கிறது என் கருத்து. வெறிநாய்க்கடி ஊசியும் வருசா வருசம் தவறக்கூடாது.

கழிவை ஓடைக்கரையில விட்டுட்டு வராதீங்க. கீழ யாரோ அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. பையில அள்ளிக் கட்டி ஊருக்கே கொண்டு வந்துருங்க. மிச்சமான கோழி எலும்பையும் போடாதீங்க, வெந்த எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் கிழிச்சிரும். திரும்பி வந்ததும் காது மடல், கால் விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க.

பக்கத்துக் கூடாரத்துல நாயைக் கண்டாலே நடுங்குற பிள்ளை இருக்கலாம். அது தன் அம்மா புடவைக்குப் பின்னாடி ஒளியறப்ப "கடிக்காது பாப்பா, தொட்டுப் பாரு"ன்னு நாயைக் கொண்டுபோய் நிறுத்துறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அந்தப் பிள்ளைக்கும் லீவு நாள்தானே.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் கூடாரத் தங்குமிடம் நடத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பதிவு எடுக்குறப்பவே தடுப்பூசி அட்டையைக் கேளுங்க. செயினை அவிழ்க்கக் கூடாதுன்னு எழுதிப் போடுங்க. குதிரை எந்த நேரத்துல எந்தப் பாதையில வரும்னு சொல்லிருங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.