யோசிச்சது தப்பில்லைங்க

ஃபேஸ்புக்ல அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. மாலை போட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், மேலே “யோசிச்சுக்கிட்டே இருங்க சார், நாங்க ஓட்டிக்கிட்டே இருக்கோம்”னு ஒரு வரி. அதில் எனக்கு டேக் வேற. கீழே சிரிச்சு வெச்சவங்கள்ல பாதிப் பேர் என் வீட்டில் காபி குடிச்சவங்க. சந்தோஷம்.

ஒரு வயசான அம்மா வித்த அந்த வண்டியை முதல்ல பேசி வெச்சது நான். பேப்பரெல்லாம் முடியட்டும்னு நான் யோசிச்ச நேரத்துல நம்ம ஆள் ஒருத்தர் எடுத்துட்டார். அவருக்கு வாழ்த்து போட்டுட்டேன். கமெண்ட்ல இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிடறேன். நான் யோசிச்சது தப்பில்லை.

வண்டிப் பைத்தியம் இல்லாத நண்பர்களுக்காக: ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985ல் வந்து 1996ல் நின்னுபோன வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், பதினொரு குதிரைத் திறன், எடை சுமார் நூறு கிலோ. அந்த எடைக்கு அந்த சக்தி, அதான் விஷயம். முறுக்கினா முன்சக்கரம் தூக்கும். புகை விதிகள் இறுகினதும் கதை முடிஞ்சது. இனிமே அந்த வண்டியை யாரும் செய்யப் போறதில்லை. தங்கம்னா இன்னிக்கு விட்டாலும் கூடுதல் விலைக்கு நாளைக்குக் கிடைக்கும். இது அப்படி இல்லை, இருக்கறது குறைஞ்சுக்கிட்டேதான் போகும். அதுவும் டேங்க், சைடு பேனல், மீட்டர் எல்லாம் கம்பெனியில வந்தபடியே, ஒரே கை ஓட்டின மயில் நீலம்... சரி விடுங்க.

இதெல்லாம் தெரியாமலா நான் யோசிச்சேன்?

ஆர்சி அந்தம்மாவோட வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் இறந்து ரொம்ப நாளாச்சு. பதினஞ்சு வருஷம் முடிஞ்சதுக்கு அப்புறம் பதிவைப் புதுப்பிக்கவே இல்லை. முறைப்படி பார்த்தா வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஃபார்ம் 31 போட்டு, முதல்ல அந்தம்மா பேருக்கு மாத்தணும். பதிவைப் புதுப்பிக்கணும். அதுக்கான கட்டணத்தை 2022ல முன்னூறு ரூபாய்ல இருந்து ஆயிரமாக்கினாங்க, 2025ல இருபது வருஷம் தாண்டின பைக்குக்கு ரெண்டாயிரம். அது போக பசுமை வரி, தாமதக் கட்டணம். அப்புறம்தான் விற்பனை. நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, இதையெல்லாம் முடிச்சிட்டு எடுத்துக்கறேன். தாலுக்கா ஆபீஸுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.” அவங்களும் “சரி தம்பி, நீயே எடுத்துக்க, உன்னை மாதிரி ஆள்தான் பத்திரமா வெச்சுக்கும்”னாங்க. அந்த வார்த்தையை நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன்.

நம்ம ஆள் போனார், பணத்தைக் கட்டுக் கட்டா மேஜையில வெச்சார், எழுதாத பேப்பர்ல கையெழுத்து வாங்கினார், வண்டியைத் தள்ளிட்டு வந்துட்டார். இதுக்குப் பேர் துணிச்சலாம். நாளைக்கு இந்த வண்டி யார் மேலயாவது மோதினா நோட்டீஸ் யார் வீட்டுக்குப் போகும்? வண்டியை வித்தாச்சுன்னாலும் பதிவு யார் பேர்ல இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லியாச்சு. இங்கே ஆர்சியில இருக்கறவர் உயிரோட இல்லை. அப்போ அந்த வயசான அம்மாதான் கோர்ட் படி ஏறணும். அதை யோசிச்சவன் கோமாளி. யோசிக்காதவருக்கு நானூறு லைக்.

“பேப்பர் எல்லாம் சாக்கு, கையில காசு இல்லைன்னு சொல்லு”ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஆமாங்க, இல்லை. அந்த மாசம் பையனுக்கு காலேஜ் ஃபீஸ். ஃபீஸைக் கட்டாம பைக் எடுத்திருந்தா நீங்களே இன்னொரு பதிவு போட்டிருப்பீங்க. காசு இருக்கறவர் யோசிக்காம வாங்கறதுல என்ன வீரம் இருக்கு? தப்பாப் போனா அவருக்கு ஒரு பைக் நஷ்டம். எனக்கு ஒரு செமஸ்டர்.

“ஒரு அட்வான்ஸாவது கொடுத்துட்டு வந்திருக்கலாமே”ன்னு கேட்டவருக்கு: வாய் வார்த்தைக்கு மதிப்பு இருந்த ஊர்ல வளர்ந்தவன் நான். அதுக்கு மேல இதைப் பத்தி பேச எனக்கு விருப்பம் இல்லை.

இந்த “அன்னிக்கே வாங்கியிருக்கணும்” பேச்சு எனக்குப் புதுசும் இல்லை. கோயமுத்தூர்ல இதைக் கேக்காம ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது. எங்கப்பாவுக்குத் தொண்ணூறுகள் ஆரம்பத்துல சரவணம்பட்டியில இடம் வந்துச்சு. அப்போ அங்கே சோளக்காடு. அத்தை கல்யாணச் செலவு தலைக்கு மேல இருந்ததால அப்பா யோசிச்சார், விட்டுட்டார். இன்னிக்கு அங்கே ஐடி கம்பெனியும் அடுக்குமாடியுமா நிக்குது. எங்க மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் இலையில உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். “மாப்ள, அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” அப்பா பதில் பேச மாட்டார். ரசத்தை ஊத்தச் சொல்லுவார். அந்த அத்தை அதே பந்தியில உட்கார்ந்திருப்பாங்க, அதையாவது பார்க்க வேண்டாமா?

இதே மாமா பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வந்தப்பவும் எங்க வீட்டுக்கு வந்தார். ஒன்றரை லட்சம் கட்டினா குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் கம்பெனிக்காரங்களே தருவாங்க, மாசாமாசம் கையில பணம். அப்பா வழக்கம்போல யோசிச்சார். “ஈமு கறியை நம்மூர்ல யார் திங்கறாங்க?”ன்னு ஒரே ஒரு கேள்வி. மாமா சிரிச்சார். 2012ல அந்தக் கம்பெனிங்க கையை விரிச்சப்ப என்ன ஆச்சுன்னு ஈரோடு, திருப்பூர் மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீவனம் இல்லாம அந்தப் பறவைங்க செத்ததையெல்லாம் பேப்பர்ல பார்த்தோம். அந்தப் பொங்கலுக்கு “மாப்ள, நீங்க அன்னிக்கு யோசிச்சது நல்லதாப் போச்சு”ன்னு மாமா சொன்னாரா? வடை இன்னொண்ணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போனார்.

இதுதாங்க என் ஆத்திரம். யோசிச்சு விட்டது விலை ஏறினா ஊரே கணக்குச் சொல்லும். யோசிச்சதால தப்பிச்சதுக்கு ஒருத்தனும் டேக் பண்ண மாட்டான். நாலு நல்ல வாய்ப்பு தவறிப்போனவன்னு என்னைச் சொல்றீங்க. நான் தலையைக் கொடுக்காத நாப்பது குழியை யார் எண்ணி வெச்சிருக்கீங்க?

“அப்போ உனக்கு வருத்தமே இல்லையா?”ன்னு கேப்பீங்க. இருக்கு. தப்பு பண்ணினாத்தான் வருத்தப்படணும்னு சட்டமா? வாசல்ல நின்னு அந்தம்மா முன்னாடி ஒரு உதை உதைச்சேன், முதல் உதையிலயே பிடிச்சுது. ஐடில்ல அந்த டிங்-டிங்-டிங் இருக்கே, டூ ஸ்ட்ரோக் ஓட்டினவங்களுக்குத்தான் புரியும். ஸ்கூல் படிக்கறப்ப சித்தப்பா வண்டியில டேங்க் மேல உட்கார்ந்து போன ஆளுங்க நான். வண்டி எடுத்தவர் அதுல எக்ஸ்பான்ஷன் சேம்பர்னு ஒரு அலறல் சைலன்ஸரை மாட்டி ரீல்ஸ் போடப் போறார். ஏற்கெனவே சைடு பேனலைக் கழட்டி ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, படத்துலயே தெரியுது. அந்த மனுஷனும் அவருக்கு அப்புறம் அந்தம்மாவும் கீறல் விழாம வெச்சிருந்த பெயிண்ட் மேல, சிங்கத் தலை ஸ்டிக்கர்! அதை ஜூம் பண்ணிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கலை.

என் வீட்டம்மா சொல்றாங்க, “போனது போகட்டும், ஃபேஸ்புக்ல அழாதீங்க”ன்னு. அழலைங்க. விளக்கம் சொல்றேன்.

வண்டி எடுத்தவருக்குக் கடைசியா ஒண்ணு. கிண்டல் எல்லாம் இருக்கட்டும், அந்தம்மா பேருக்கு மாத்தி, அங்கிருந்து உங்க பேருக்கு மாத்தற வேலையை உடனே ஆரம்பிங்க. இன்ஷூரன்ஸ் போடாம ரோட்டுல இறக்காதீங்க. அலையறதுக்கு நேரம் இல்லைன்னா சொல்லுங்க, அந்தம்மாவைத் தாலுக்கா ஆபீஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அவங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கேன்.

அப்புறம், ஒரு ஆர்எக்ஸ் 135 இருக்குன்னு காலையில இன்பாக்ஸ்ல ஒருத்தர் படம் அனுப்பியிருக்கார். ஆர்சி காப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். எந்த ஊர்னு கமெண்ட்ல யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.