கன்று நட்டால் காடு திரும்பிவிடாது

"குவாரியைச் சுற்றி ஆயிரம் கன்று நட்டாச்சு, பல்லுயிர் பாதுகாத்தாச்சு" என்று சிலர் சொல்வது சரியில்லை. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகளில் அந்தக் கன்றுகள் பெரும்பாலும் எல்லையோரம் வெட்டாமல் விடும் 7.5 மீட்டர் பாதுகாப்புப் பட்டையில்தான் நிற்கின்றன. அது தூசியைத் தடுக்கும், அவ்வளவுதான். பாறை இடுக்கில் வாழும் கொம்பன் ஆந்தைக்கும் பாறை ஓணானுக்கும் வேப்பமரம் வீடாகாது.

உண்மையான வேலை மேல்மண்ணில் தொடங்குகிறது. வெட்டுவதற்கு முன் அதைத் தனியே வழித்து, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைக்க வேண்டும். உயர்ந்தால் உள்ளே காற்றில்லாமல் விதையும் நுண்ணுயிரும் சாகும். பல இடங்களில் கழிவுக் கல்லோடு சேர்த்தே கொட்டிவிடுகிறார்கள். பிறகு எதை நட்டாலும் பிடிக்காது. கழிவுமேட்டின் அடிவாரத்தைச் சுற்றி வடிகாலும், சேற்றைத் தேக்கும் வண்டல் குழியும் இல்லையென்றால் முதல் மழையிலேயே சேறு ஓடைக்குப் போகும். தேன்கனிக்கோட்டை போன்ற யானை நடமாடும் பகுதியில் நீர் நிறைந்த குவாரிக் குழிக்கு வேலி கட்டாயம்.

நட்ட கணக்கு யாருக்கு வேண்டும்? சுற்றுச்சூழல் அனுமதியின்படி குவாரிகள் ஜூன், டிசம்பரில் தரும் அரையாண்டு அறிக்கையில் மூன்று கோடை தாண்டி எத்தனை கன்று உயிரோடிருக்கிறது, அதில் இந்த மண்ணின் மரங்களான உசிலும் வெப்பாலையும் எத்தனை என்று பாருங்கள்.