சாம்பிள் ஓடியது, லாட் ஓடவில்லை
பை இல்லாத வாக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 1979 முதல் 1984 வரை 5,127 மாதிரிகள் செய்ததைச் சொல்லி அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டுகிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் என்று அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று எப்படித் தெரியும்?

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று. நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். புது இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) சாம்பிள் மூன்றும் அருமையாக ஓடின. அனுபவமுள்ள ஃபிட்டர் அரம் போட்டு, தண்ணீர் போகும் வழியை வழவழவென்று ஆக்கியிருந்தார். பிறகு மணல் அச்சில் லாட்டாக, அதாவது மொத்தமாக, வார்த்து வந்த 50 இம்பெல்லர்களில் விரலை விட்டுப் பார்த்தால் மணல் சொரசொரப்பு அப்படியே இருந்தது. தண்ணீர் குறைந்தது, கரண்ட் குறையவில்லை. இப்போதெல்லாம் ஃபவுண்டரியிலிருந்து வரும் முதல் லாட்டையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் டிசைனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.