மூணு மூக்கு இலை

"மஞ்சள் கரிசாலை சார், கீரையாவே சமைக்கலாம்" என்று சொல்லித்தான் போன வருஷம் ஒரு நர்சரியில் அந்தச் செடியைக் கொடுத்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வைத்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் மதில் வரைக்கும் படர்ந்துவிட்டது. பளிச்சென்று மஞ்சள் பூ வேறு. போனில் படம் எடுத்துத் தேடினால் 'வெடிலியா' என்றது. மஞ்சள் கரிசாலைக்கும் அதே பேர்தான் என்று படித்திருந்தேன். சரி, பொருந்துகிறதே என்று விட்டுவிட்டேன்.

பொரியலுக்குப் பறித்துக்கொண்டிருந்த அன்றுதான் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் விரித்தார்.

"தம்பி, இதுல பாருங்க, மூணு மூக்கு இருக்கு. கரிசாலை இலை ஒடுக்கமா நீளமா இருக்கும், இப்படிப் பிரியாது. இது ரோட்டு நடுவுல அழகுக்கு வைக்கிறதாச்சே!"

முறத்தில் இருந்ததை அப்படியே குப்பையில் கொட்டினேன். அப்புறம் தேடிப் படித்தால், ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்று வாயில் நுழையாத பேர். வெப்பமண்டல அமெரிக்கச் செடி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. இதையும் மஞ்சள் கரிசாலையையும் முன்பு வெடிலியா என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய செடிகளுக்கான பொதுப்பெயரில், வைத்திருந்திருக்கிறார்கள். போன் பொய் சொல்லவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து, 'இது என்ன செடி' என்று கேட்டவுடன் பேர் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. திருப்பிக் கேள்வி கேட்கிறவர்களைத்தான் நம்புகிறேன். "ஒடிச்சா பால் வருதா? காய் எங்க இருக்கு? கசக்கினா என்ன வாசனை?" கீழாநெல்லி என்று ஒருவர் காட்டினால் அந்த அம்மா முதலில் தண்டை ஒடிப்பார். பால் கசிந்தால் அது கீழாநெல்லியே இல்லை. அப்புறம் இலைவரிசையைத் திருப்பி, அடியில் குண்டு குண்டாகக் காய் தொங்குகிறதா என்று பார்ப்பார். வெள்ளைப்பூ கரிசாலை என்றால் கசக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார், விரலில் கறுப்பு ஏற வேண்டும். இதையெல்லாம் எந்தப் படத்தில் பார்ப்பது?

கேட்கிற நம் மேலும் தப்பு இருக்கிறது. கலங்கலாக ஒரே ஒரு இலையைப் படம் எடுத்துக் காட்டிவிட்டுப் பதிலுக்குப் பறக்கிறோம். பூவோடும் காயோடும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். பூக்காத நாற்று என்றால் பூக்கும் வரை பொறுக்கலாம், அதுவரை வாயில் வைக்காமல் இருந்தால் சரி.

என்னையும் ரொம்ப விவரமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். பாடலீஸ்வரர் கோயில் தலமரம் பாதிரி, ஊர்ப்பேரிலேயே அந்த மரம் இருக்கிறது. கோயிலுக்கு வெளியே எங்காவது நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது.

அந்த மஞ்சள் பூச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். கணுவுக்குக் கணு வேர் விடுகிற ஜாதியாம். நேற்றுத் துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து இரண்டு துளிர் எட்டிப் பார்க்கிறது, மூணு மூக்கோடு.