மில் நிற்கும் நாளில் கேட்கும் சத்தம்

ஸ்பின்னிங் மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் காதில் விழாது. அதனால் மெஷின்களுக்குக் கம்ப்ரஸர் அனுப்பும் அழுத்தக் காற்று எங்கே கசிகிறது என்று தேட நான் போவது மில் நிற்கும் நாளில்தான். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம், அதைச் சுற்றும் ஆட்டோகோனர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடச் சொல்வேன். ஷெட்டுக்குள் மெதுவாக நடந்தால் மூலைக்கு மூலை 'உஸ்ஸ்' என்று கேட்கும். ஒரு மெஷினும் ஓடாத அந்த நேரத்தில் கம்ப்ரஸர் 2 நிமிடம் லோடு (காற்றை அழுத்தி அனுப்புவது), 6 நிமிடம் அன்லோடு (சும்மா சுற்றுவது) என்று மாறிக்கொண்டிருந்தால், அதன் திறனில் கால்வாசி கசிவுக்கே போகிறது என்று கணக்கு. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 7 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 3 கிலோவாட் தின்னும். வருடத்துக்கு 350 நாள், மூன்று ஷிஃப்டும் ஓடும் மில்லில் அது 25,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலே ஒன்றே முக்கால் லட்சம். ஒரு ஓட்டைக்கு!

இதைத் தேடிச் சொல்வதுதான் என் பிழைப்பு. 2014-ல் சம்பள வேலையை விட்டு, கோயம்புத்தூரில் தனியாக எனர்ஜி ஆடிட், அதாவது மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் வேலை, செய்ய ஆரம்பித்தேன். மணிக்கணக்கில் கரண்ட் போய், மில்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. ஒரு யூனிட்டின் அருமை எல்லா முதலாளிகளுக்கும் உறைத்திருந்த நேரம்.

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, நானும் வேலைய விட்டுட்டுத் தனியாப் பண்ணலாம்னு இருக்கேன். வேலைதான் நல்லாத் தெரியுதே, அது போதாதுங்களா?" அரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகு, சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை என்று தோன்றியது. மீதிப் பாதி இது.

என் அப்பா மில் தொழிலாளி. ஏழாம் தேதி சம்பளம் வீட்டுக்கு வரும். அவர் யாரிடமும் போய் "எனக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பணத்தை வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அந்த வீட்டில் வளர்ந்த எனக்கும் ஊறிவிட்டது. தொழில் தொடங்கிய முதல் மூன்று வருடம் நான் இழந்த பணம் அத்தனையும் இந்தக் கூச்சத்தால் இழந்தது. வேலை தெரியாமல் இழந்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

2016-ல் பல்லடம் பக்கம் ஒரு மில். முதலாளி பெரியவர், தன்மையாகப் பேசுபவர். "ஃபீஸெல்லாம் எதுக்குங்க, மிச்சமாகறதுல கால் பங்கு எடுத்துக்கோங்க" என்றார். எனக்கு உள்ளூர நிம்மதி. ஒரு தொகையை வாயால் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? "எழுதிக்கலாமுங்களா" என்று மெல்லக் கேட்டேன். "நம்ம வாய்வார்த்தை போதாதுங்களா?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் உழைத்தேன். கசிவுகளை அடைத்தோம். கம்ப்ரஸர் அழுத்தத்தை ஏழரை பாரிலிருந்து ஆறரைக்குக் கொண்டுவந்தோம். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம். ஷெட்டில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன்களுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்டு வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினோம். ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், எனவே 80 சதவீத வேகத்தில் பாதி கரண்ட் போதும். மீட்டரில் ஒவ்வொன்றும் கண்ணெதிரே குறைந்தது.

அந்த நான்காம் மாதம்தான் மில்லில் 40-ஆம் நம்பர் நூலை விட்டு 60-ஆம் நம்பருக்கு மாறினார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நூல் மெலிய மெலிய முறுக்கு கூடும், ஒரு ஸ்பிண்டிலில் இறங்கும் எடை குறையும், கிலோவுக்கு ஆகும் யூனிட் ஏறும். மில்காரர்கள் யூ.கே.ஜி. என்று சொல்லும் அந்தக் கணக்கு, நான் போட்ட உழைப்பை அப்படியே விழுங்கிவிட்டது. "மிச்சம் எங்கீங்க?" என்று பெரியவர் காகிதத்தை என் முன்னால் தள்ளினார். அந்தக் காகிதத்தில் மிச்சம் இல்லைதான். அவர் என்னை ஏமாற்றவில்லை என்பதை இன்றைக்கும் நம்புகிறேன்.

வேறு வேறு நம்பர் ஓட்டும் மில்களை ஒப்பிட எல்லாவற்றையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 1956 முதல் கோயம்புத்தூரில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் அறிக்கைகளைப் புரட்டிய யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேலை தொடங்கும் முன் "இந்த முறையில்தான் அளப்போம்" என்று ஒரு வரி பேசியிருந்தால் போதும். முடிந்தபின் அதையே சொன்னபோது, தோற்றவன் தேடும் சாக்குப்போல அவருக்குக் கேட்டது. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. பணத்தைவிட, ஒரு நல்ல மனிதர் என்னை நம்பாமல் போனதுதான் ரொம்ப நாள் அறுத்தது.

அதன் பிறகு ஒற்றைப் பக்கக் காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன். எதை அளப்போம், எந்த மீட்டரில், நூல் நம்பர் மாறினால் கணக்கு எப்படி, ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு வரவேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டுக்குள் கால் வைப்பேன். தயக்கத்தால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் வாடிக்கையாளருக்கும் அநியாயம் செய்கிறோம். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் அவரைக் கொடுக்க வைக்கிறோம்.

தம்பி, வரி விஷயமும் கேள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எனக்குப் பட்ட அடி இது. 3 லட்ச ரூபாய்க்கு பில் போட்டேன். 18 சதவீத வரி 54,000. வாடிக்கையாளர் பணம் தந்தாரோ இல்லையோ, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த 54,000 என் கையிலிருந்து போயாக வேண்டும். போயிற்று. அவர்கள் பணம் ஏழு மாதம் கழித்து, என் பெயரில் வருமான வரியாகக் கட்ட டி.டி.எஸ். 30,000 பிடித்துக்கொண்டு வந்தது. பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் துறையின் 26ஏஎஸ் விவரத்தை எடுத்துப் பார்த்தால் என் பெயரில் ஏறவே இல்லை. அதற்கு இன்னும் நான்கு மாதம் நடந்தேன். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் இப்போது நான் வேலை தொடங்குவதில்லை. வரியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். அது என் பணம் இல்லை.

சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டமே சொல்கிறது. எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். இத்தனை வருடம் கேஸ் போடுகிற துணிச்சல் எங்களில் பலருக்கு வரவில்லை, போட்டால் அடுத்த வேலை வராது என்ற பயம். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு சேர்ந்த பிறகு, கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்றானது. 2024 மார்ச்சில் வாடிக்கையாளர்களின் அக்கவுண்ட்ஸ் ஆட்களே கூப்பிட்டு "சார், உங்க உத்யம் நம்பர் அனுப்புங்க" என்றார்கள். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அதற்குக் காசே கிடையாது. தொழில் தொடங்கும் வாரத்திலேயே பதிந்து, ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணைப் போடு.

எல்லா வாடிக்கையாளரும் ஒரே தொழிலில் இருப்பதும் ஆபத்து. 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரே மாதத்தில் என் கையிலிருந்த ஐந்து வேலைகளும் "அப்புறம் பாக்கலாமுங்க" என்று நின்றன. என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் ஏழாம் தேதி என்று ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மாதச் சம்பளத்தை நகையை வைத்துத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஃபவுண்டரி, அரிசி ஆலை என்றும் போகிறேன், ஆறு மாதச் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

தம்பியிடம் சொல்லாமல் விட்டதில் எனக்கு முக்கியமானது இன்னொன்று. நான் கண்டுபிடித்ததாக ரிப்போர்ட்டில் எழுதும் விஷயங்களில் பாதிக்கு மேல் அந்த மில்லின் ஃபிட்டருக்கு ஏற்கனவே தெரியும். "இந்த வால்வு ரெண்டு வருசமா ஒழுகுதுங்க, சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம்" என்பார்கள். அவர் சொன்னால் அது முனகல், நான் அதையே பைண்டு செய்து கொடுத்தால் ஆடிட். அந்த வித்தியாசத்துக்கு எனக்குப் பணம் கிடைக்கிறது என்பது முதலில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்று செய்ய ஆரம்பித்தேன். யார் காட்டினாரோ அவர் பெயரை அந்தக் குறிப்புக்கு நேராக எழுதிவிடுவேன். முதலாளியிடம் ரிப்போர்ட் கொடுக்கும் கூட்டத்தில் அவரையும் உட்கார வைக்க வேண்டும் என்பது ஒற்றைப் பக்கக் காகிதத்தில் கடைசி வரி. சிலர் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

போன வருடம் பல்லடத்துப் பெரியவர் மறுபடியும் கூப்பிட்டார். இப்போது மகன் பொறுப்பு, அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நீட்டினேன். மகன் படித்து முடித்து நிமிர்வதற்குள் பெரியவர் வாங்கி, கண்ணாடி மாட்டி, நூல் நம்பர் பற்றிய வரியில் விரல் வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். ஆமாங்க என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார்.