லினக்ஸ்ல நெட் வராதாம், போங்கய்யா!

"லினக்ஸா? அதுல நம்ம லைன் எடுக்காது சார். விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க."

கேபிள்காரர் சொன்னது இது. மன்னார்குடிப் பக்கம் கேபிள் நெட் வாங்குற லினக்ஸ்காரன் (கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற சிஸ்டத்தை ஓட்டுறவன்) ஒவ்வொருத்தனும் கேட்டே ஆகவேண்டிய வசனம் போல. எடுக்காதுன்னா எதை எடுக்காது? வயரைச் சொருகுனதும் போர்ட்டுல பச்சை விளக்கு எரியுது. டயலர், பாஸ்வேர்டு ஏதும் உண்டான்னு கேட்டா, "இல்ல சார், ஐபி தானா வரும்"ங்கறாரு. அப்ப அது வெறும் டிஹெச்சிபி, அதாவது கேக்குற மெஷினுக்கு நெட்டுல ஒரு முகவரியை (ஐபி) தானா குடுக்குற பொது முறை. அது என்ன விண்டோஸ் வீட்டுப் பாட்டன் சொத்தா?

கமாண்டு அடிக்கிற டெர்மினல்ல பாத்தா "டிஹெச்சிபி டிஸ்கவர், 255.255.255.255, போர்ட் 67"னு வரி வரியா ஓடுது. என் மெஷின் தொண்டை கிழியக் கேக்குது, அந்தப் பக்கம் ஒருத்தரும் வாயத் தொறக்கல. கடைசியில "நோ டிஹெச்சிபி ஆஃபர்ஸ் ரிசீவ்டு", அதாவது ஐபி தர ஒருத்தரும் வரலயாம். மேட்டூர்ல தொறந்த தண்ணி கல்லணை தாண்டி முத்துப்பேட்டைக் கடைமடைக்கே வந்துருது; வாசல் பெட்டியிலேருந்து கூடத்துக்கு ஒரு ஐபி வர மாட்டேங்குது!

தங்கச்சியோட விண்டோஸ் லேப்டாப்பைச் சொருகினேன். அதுலயும் வரல. கேபிள்காரர் லேப்டாப்புல மட்டும் ஜோரா வருது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? "டெஸ்ட் பண்றேன்"னு முதல்ல தன் லேப்டாப்பைச் சொருகினாரு பாருங்க, அதோட மேக் அட்ரஸை (ஒவ்வொரு நெட் கார்டுக்கும் உள்ள அடையாள நம்பர்) பிடிச்சு, அதுக்கு மட்டும் லைன் வர்ற மாதிரி பூட்டி வச்சிருக்காங்க. அந்த நம்பரைச் சொன்னாக்கூட ஒரே கமாண்டுல என் கார்டுக்கு அதைப் போட்டுக்குவேன். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது சார்"ங்கறாரு. (கையில ஆண்ட்ராய்டு போன். அதுக்கு அடித்தளமா உள்ள ஓடுறது லினக்ஸ் கர்னல்னு அவருக்கு யாரு சொல்றது?)

ஆபீஸுக்குப் போன் போட்டா அது தனிக் கூத்து.

"ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க சார்."

"அப்படி ஒண்ணு இதுல இல்லம்மா. மேக் பூட்டை எடுத்து விட்டாப் போதும்."

"ஸ்டார்ட் பட்டனே இல்லன்னா சிஸ்டம் ரிப்பேர் சார். சர்வீஸ்ல குடுங்க."

இத்தனைக்கும் 2011லேருந்து அரசு குடுத்த விலையில்லா லேப்டாப்புலயே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேந்து வந்துச்சு. மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக் பண்ணது, நம்ம நாட்டுச் சரக்கு. நம்ம ஊர்ப் பசங்க படிச்சதே அதுலதான். கேபிள் ஆபீஸ்ல மட்டும் அந்தப் பேரைக் கேட்டா பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறாங்க.

ஒரு க்ளிக், அவ்வளவுதான் உங்க வேலை. பழைய மேக்கை எடுத்துட்டு என்னோடதைப் போடுங்க. முடியாதுன்னா மூணு மாச முன்பணத்தை எண்ணி வச்சுட்டு, வயரையும் சுருட்டிட்டுப் போங்க.